பெட்டி போடுகிறவள்

பெட்டி போடுகிற வேலை என்றேன்.
வாணியம்பாடியிலிருந்து நாத்தனார் போனில் கேட்டாள்:
ராத்திரியில் யார் இஸ்திரிக்குத் துணி தருகிறார்கள்?

ஹொங்கசந்திராவில், டயர்க்கடை மாடியில்
பதினோரு பேர், பதினோரு திரை.
ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு காப்புக்காடு.
மரத்தில் கட்டிய கேமரா
எது அசைந்தாலும் படம் எடுத்துவிடும்.
அசைந்தது எது என்று நாங்கள் சொல்ல வேண்டும்.
மிருகத்தைச் சுற்றி ஒரு பெட்டி.
பெயர். எத்தனை. என்ன செய்கிறது.
ஒரு ஷிப்டுக்குத் தொள்ளாயிரம் படம்.

பாதிக்கு மேல் புல்தான்.
காற்று அசைத்த புல், வெயில் நகர்த்திய நிழல்.
அதற்கு 'வெற்று' என்று ஒரு பொத்தான்.
முதல் வாரம் புல்லுக்குள் கண்களைத் தேடினேன்.
இப்போது விரலே பார்த்துக்கொள்கிறது.

செவ்வாய் இரவு:
இம்பாலா நாற்பத்தொன்று.
காட்டெருமை, சேற்றோடு ஆறு.
யானையின் முழங்கால் ஒன்று.
(முழங்காலுக்கும் யானை என்றே போட வேண்டும்.)
கேமராவை நக்கிப் பார்த்த கழுதைப்புலி.
அதன் பிறகு எழுபது படங்களுக்கு
எச்சில் வழியாகத் தெரிந்த காடு.

ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, நீர்யானை.
பார்க்காததற்கெல்லாம்
பார்த்ததைக் கடன் வாங்கிப் பெயர் வைத்திருக்கிறோம்.
பட்டியலில் பதினேழாவதுக்கு மட்டும்
யாரும் கடன் கொடுக்கவில்லை.
பன்றி மூக்கு, கழுதைக் காது,
இருட்டிய பிறகு வந்து மண்ணைத் தோண்டும்.
மாதத்தில் இரண்டு முறை பார்த்தோம்,
இரண்டு முறையும் தனியாக.
நானும் நபீசாவும் அதை
'நைட் ஷிப்ட்' என்று கூப்பிடுகிறோம்.

அப்புறம் அவன்.
ஒவ்வொரு கட்டின் முதல் படமும் அவன்தான்,
பேட்டரி மாற்ற வருகிறவன்.
பச்சைத் தொப்பி, இடது புருவத்தில் ஒரு வெட்டு.
ஒருநாள் கொட்டாவி விட்டான், நானும் விட்டேன்.
மனிதர் வந்தால் முகத்தை மூட வேண்டும், அது விதி.
சாம்பல் நிறச் சதுரம் ஒன்றை இழுத்து
கண்ணிலிருந்து தாடை வரைக்கும்.
நாற்பது தடவையாவது மூடியிருப்பேன்.
சந்தையில் பார்த்தால் அடையாளம் சொல்வேன்.

வியாழக்கிழமை டீ இடைவேளையில்
சோமசேகர் தன் போனை நீட்டினார்.
சிரதெ, சிரதெ என்றார். புரிந்துவிட்டது.
பேகூர் ரோட்டில் ஒரு அபார்ட்மெண்ட் கேட்,
புதன் விடிகாலை மூன்று பன்னிரண்டு.
நிறுத்தியிருந்த காரை ஒட்டியே வருகிறது.
அவசரமே இல்லை.
நாய்க்கு வைத்த தட்டை மோந்து,
நின்று,
கேமராவைப் பார்க்கிறது.
மேஜை மேல் என் விரல் தானாகப் பெட்டி போட்டது.
சிறுத்தை. ஒன்று. நடத்தல்.

வீடியோ முடியவில்லை.
மூன்று முப்பத்தொன்று. அதே கேட்.
தலையில் துப்பட்டா, கையில் டிபன் பை,
ஒருத்தி வருகிறாள்.
(அன்றைக்குக் கரண்ட் போய், எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள்.
எங்களுக்கு வண்டி கிடையாது.)
தட்டுக்குப் பக்கத்தில், அது நின்ற இடத்திலேயே
குனிந்து செருப்பு வாரை இழுத்துவிடுகிறாள்.
என்ன சத்தமோ, நிமிர்கிறாள்.
கேமராவுக்கு நேராக, முழு முகம்.

எந்தச் சதுரமும் இல்லை.
அறுநூறு பேர் இருக்கிற குரூப்பாம்.
யாரிந்தப் பொண்ணு, கொடுத்து வைத்தவள் என்று
கன்னடத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்.
போனில் மங்கலாகத்தான் இருந்தது.
சோமசேகருக்குத் தெரியவில்லை.
நபீசா மட்டும் மேஜைக்கு அடியில்
என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

நாற்காலிக்குத் திரும்பினேன்.
புதிய கட்டு. முதல் படம், அவன்.
இவ்வளவு அருகில் வந்ததே இல்லை,
உதட்டு வெடிப்புகூடத் தெரிகிறது.
நாலு மூலையும் சரிபார்த்து மூடினேன்.
ஒரு புருவ முடிகூட வெளியே இல்லை.

அடுத்தது புல்.
சோமசேகர் மணி பார்க்கிறார்.
நான் இன்னும் அழுத்தவில்லை.