மணி அடித்துப் பார்த்தல்

மூஞ்சிக்கல் எக்ஸ்சேஞ்சில்
முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தவள் நான்.
முதல் மணியிலேயே சொல்லிவிடுவேன்
எடுப்பார்களா மாட்டார்களா என்று.
ஆளில்லாத வீட்டில் அடிக்கும் மணிக்குச்
சத்தம் வேறு.
நம்பாவிட்டால் போங்கள்.

அண்ணன் மகன் டார்வினிலிருந்து
அட்டவணை அனுப்பியிருந்தான்.
இடப்பக்கம் அட்டுவம்பட்டி, வலப்பக்கம் செண்பகனூர்.
முன்பணம், மாதப்பணம், வரி தனி.
கடைசிக் கட்டத்தில் 'அத்தைகளின் விருப்பம்' என்று போட்டு
மஞ்சள் அடித்துக் காலியாக விட்டிருந்தான்.
நல்ல பிள்ளை.

அட்டுவம்பட்டிக்கு வியாழக்கிழமை போனோம்.
தனி வீடு. தனி மீட்டர். தனிச் சாவி.
நானே டீ போட்டுக்கொள்ளலாம்,
முடியாத அன்றைக்கு மெஸ்ஸிலிருந்து கேரியர்.
மேனேஜர் பிரிட்டோ ஜன்னலைத் திறந்து
"வியூ" என்றார்.
மேகம் அடைத்து நின்றது.
"பதினோரு மணிக்கு மேல வரும்."
ஒப்பந்தத்தின் பதினான்காம் பத்தியைக்
கண்ணாடி போட்டு வாசித்தேன்:
குடியிருப்பவர் தானே குளிக்கவோ உடுத்தவோ உண்ணவோ
இயலாமல் போகும் நாளிலிருந்து
தொண்ணூறு நாட்களுக்குள் –
மீதியை அவரே வேகமாகச் சொல்லி முடித்தார்.

தலைமாட்டில் சிவப்புப் பொத்தான்.
அழுத்திப் பார்க்கலாமா?
"தாராளமா."
அழுத்திவிட்டு வாட்சைப் பார்த்தேன்.
பன்னிரண்டாம் நிமிடம் காவலாளி வந்தார், குடையோடு.
வழியில் காட்டுமாடு நின்றதாம்.
சாக்கு இல்லை அது.
திரும்பும்போது பாதையில் சாணி,
ஆவி பறந்துகொண்டிருந்தது.

செண்பகனூரில் எந்தக் கதவுக்கும்
உள்தாழ்ப்பாள் இல்லை.
ஒரு கூடத்தில் பத்துக் கட்டில்,
கட்டிலுக்கு இருபுறமும் கம்பி.
டெட்டாலுக்கு அடியில் ரசம் வாசம்.
இங்கும் அழுத்தினேன்.
மூன்று எண்ணுவதற்குள் ஒரு பெண்,
கையில் சோப்பு நுரை.
"என்னம்மா?"
ஒன்றுமில்லை என்றேன்.
"ஒண்ணுமில்லைன்னாலும் கூப்பிடுங்க."
பெயர் சகாயசெல்வி. பெரியகுளத்துப் பெண்.
பக்கத்துக் கட்டிலில் ஒருத்தியின் விரல்
பொத்தானை விட்டு எழவேயில்லை.
ஒயரைப் பின்பற்றிப் போனது என் கண்.
சுவரில் செருகாமல் தொங்கியது.
"ராத்திரி பகலா அடிப்பாங்க," என்றாள் செல்வி,
என் முகத்தைப் பார்க்காமல்.
"அரைமணிக்கு ஒருதரம் வந்து பாத்துக்கிறோம்."

அக்கா அதற்குள்
காலியான ஒரு கட்டிலில் உட்கார்ந்து
ஆடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஜெபமணி. பள்ளிக்கூடத்துக் கணக்குப் பிரிவில்
ஒரு பைசா விட்டதில்லை.
தபசுக்காலத்திலிருந்து இரண்டு முறை
கேஸை மூடாமல் விட்டாள்.
ஒரு முறை நைட்டியோடு
ஏழு ரோட்டில் நின்றாள்,
கையில் போன வருஷத்துப் பால் அட்டை.

பஸ்ஸில் சொன்னாள், பிசகில்லாமல்:
"நீ அங்க போ. நான் இங்க இருக்கேன்.
தாழ்ப்பாள் உனக்குத்தான் வேணும்.
எனக்குப் போட்டா திறக்கத் தெரியல."
பிறகு, பேரிக்காய் வாங்கணும் என்றாள்.
அடுத்த வளைவில் மறுபடி,
பேரிக்காய் வாங்கணும்.
மடியிலேயே இருந்தது பை.

அன்றிரவு மின்சாரம் இல்லை.
இருட்டில் படுத்தபடி, உரக்க இல்லாமல்,
அக்கா என்றேன். எண்ணினேன்.
ஒன்று.
இரண்டு.
சுவருக்கு அந்தப் பக்கம்
கட்டில் முனகியது.
"என்னடீ."
ஒன்றுமில்லை.
"தூங்கு."

அட்டவணையில் தூரத்துக்குக் கட்டம் இல்லை.
காலையில் கண்டக்டரிடம் விசாரித்தேன்,
அட்டுவம்பட்டியிலிருந்து செண்பகனூருக்கு எப்படி என்று.
நேர் வண்டி கிடையாதும்மா,
கடைசி பஸ் ஆறே கால்,
மூஞ்சிக்கல்ல மாறணும் என்றார்.

மஞ்சள் கட்டத்தைத் தொடவில்லை.
அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்.
மாறும் இடம்: மூஞ்சிக்கல்.