இடது பக்கம் மரை உல்டா

முதலில் விழுந்ததைச் சொல்லிவிடுகிறேன்.
சத்துவாச்சாரி சர்வீஸ் ரோடு, காலை ஆறே கால்.
தண்ணீர் கேன் ஏற்றிய மூன்று சக்கர வண்டி
குறுக்கே திரும்பியது.
பிரேக் பிடித்தேன். சைக்கிள் நின்றது.
அதோடு நானும் நின்றேன்,
இரண்டு பாதமும் பெடலில் பூட்டியபடி,
ஒரு நொடி, ஒன்றரை நொடி,
பிறகு முட்டுக்கொடுக்காத ஏணி மாதிரி
வலப்பக்கம் மெல்லச் சாய்ந்தேன்.

வேகமே இல்லாத விழுதலில்
அடி குறைவு, அவமானம் அதிகம்.
கேன்காரர் இறங்கி வந்து பார்த்தார்:
"இன்னாம்மா, கால கம் போட்டு ஒட்டிக்கினியா?"

கம் போட்டு ஒட்டுகிற இடத்தில்தான் என் பிழைப்பு.
மேல்விஷாரத்தில் ஷூ கம்பெனி,
சோல் பிரிவில் பதினோரு வருஷம்.
ஒட்டியது பிரிகிறதா என்று
இழுத்துப் பார்ப்பது என் வேலை.
பிரிந்தால் ரிஜெக்ட்.
பிரியாமல் போனதற்காக ஒன்றை ரிஜெக்ட் செய்தது
அன்றைக்குத்தான்.

பெங்களூரில் வேலை கிடைத்துப் போன
காட்பாடி மாணவன் விற்ற வண்டி.
விரல் தடிமன் டயர், ஆட்டுக்கொம்பு ஹேண்டில்பார்.
பெடலுக்கான ஷூவையும் இலவசமாகத் தந்தான்,
எனக்கு ஒரு சைஸ் பெரிசு.
அடியில் கொக்கி. நடந்தால்
டைல்ஸ் தரையில் குதிரை வருகிற சத்தம்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிகொண்டா வரை போகும் கோஷ்டி
தட்டை பெடல் என்றதும் சிரித்தது.
"ரேஸ் குதிரைக்கு மாட்டு லாடமா?" என்றார்
பேங்கில் இருக்கும் தனசீலன்.
காலை மேலே இழுக்கும்போது வரும் பலம் போய்விடுமாம்.
எவ்வளவு போகும் என்று கேட்டேன்.
அவரிடம் எண் இல்லை.
எண் இல்லாத குறையை
நான் ரிப்போர்ட்டில் எழுதுவதில்லை.

லாங் பஜார் தாண்டி, சந்துக்குள் கலீம் கடை.
கண்ணாடி மேல் மூன்று ஜோடி வைத்தார்.
வெறும் பிளாஸ்டிக், இருநூற்றைம்பது.
அலுமினியம், ஊசி ஊசியாய்ப் பின், விலை கேட்டதும்
நானே பின்னால் தள்ளி வைத்தேன்.
நடுவில் நைலான், உள்ளங்கை அகலம்.

கைப்பையிலிருந்து என் கேன்வாஸ் ஷூவை எடுத்தேன்.
ஏற்றுமதியில் கழித்த ஜோடி;
இடது குதிகாலில் ஒரு தையல் தப்பியிருக்கும்,
வேறொன்றுமில்லை.
சோலைப் பெடல்மேல் வைத்து அழுத்தித் திருகினேன்.
கலீம் ஒன்றும் சொல்லாமல் பார்த்தார்.
பிளாஸ்டிக் வழுக்கியது.
அலுமினியம் (மறுபடி முன்னால் இழுத்தேன்) ரப்பரைக் கொறித்தது.
நைலான் பிடித்துக்கொண்டது,
தூக்கியதும் விட்டது.

அவ்வளவுதான் நான் கேட்டது.

"வலது வழக்கம்போல. இடது பக்கம் மரை உல்டா மேடம்,"
பதினைந்தாம் நம்பர் ஸ்பேனரோடு குனிந்தார்.
"மிதிக்க மிதிக்கக் கழலாம இருக்கணும்ல."
யாரோ ஒருவர், எந்த ஊரிலோ,
உட்கார்ந்து யோசித்திருக்கிறார்
என் இடது காலைப் பற்றி.

ஆகஸ்ட் மழையில் ஒரு தடவை வழுக்கியது.
கெண்டைக்காலுக்கு முன்னால், எலும்பின் மேல்
பின் நான்கு புள்ளி வைத்தது.
கோலத்துக்குப் போதாது.
தனசீலனிடம் சொல்லவில்லை.

இன்று ரத்தினகிரி எதிரே
காரணம் எதுவுமில்லாமல் நின்றேன்.
மேலே கோயில் விளக்கை இன்னும் அணைக்கவில்லை.
ஒரு கால் தாரில், ஒரு கால் பெடலில்.
உப்புப் போட்ட தோல் ஏற்றிய லாரி
நாற்றத்தை விரித்துக்கொண்டே கடந்து போனது.
ஷிப்டுக்கு இன்னும் பதினெட்டு நிமிஷம்.
நாற்றம் போகட்டும் என்று நின்றேன்.
போன பிறகும் கொஞ்சம் நின்றேன்.