கையில் ஒரு திறப்பு

கிளிநொச்சி ஆஸ்பத்திரி வாங்கில் என் பக்கத்தில் இருந்து
ஆரணி என்ற பிள்ளை கேள்வி வாசிக்கிறாள்.
படிப்புக்காம். முப்பத்தொரு கேள்வி.
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு இலக்கம் சொன்னால் போதுமாம்.

"கடந்த நான்கு வாரங்களில்
எத்தனை நாட்கள் மனமகிழ்ச்சியுடன் இருந்தீர்கள்?"

மனமகிழ்ச்சி, எங்கட வீட்டில் ஒருவர் வாயிலும் வராத சொல்.
பறவாயில்லை என்போம்.
மூன்று என்றேன்.

டொக்டர் எண்ணுவது வேறு.
இந்த மாதம் எத்தனை தரம் வந்தது?
இரண்டு, ஐயா.
அப்ப நல்லம். அதே குளிசை. அடுத்த ஆள்.

இரண்டையும் சேர்த்தால் ஆறு நிமிசம்.
மிச்ச மாதத்தை எவரும் கேட்பதில்லை.
குளியலறைக் கதவின் கொண்டியை அத்தான் கழற்றிவிட்டார்.
கிணற்றடிக்குக் காவல் வருவது அக்காவின் மகள், எட்டு வயசு.
வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து
என் கண்ணையே பார்ப்பாள்.
"சித்தி, இருக்கிறீங்களா?"
இருக்கிறன்.
சவர்க்காரம் போடும்போது இன்னொரு தரம்.
இருக்கிறன், இருக்கிறன்.

"உங்கள் நோய்க்கான காரணம் தெரியுமா?"

எல்லாருக்கும் ஒரு ஷெல் வேண்டியிருக்கிறது.
முன்பு படிவத்தோடு வந்தவர்களும்
என் தலைமயிரை விலக்கித் தழும்பு தேடினார்கள்.
எனக்கு ஏழு வயசில், காய்ச்சலோடு,
ஒன்றுமே விழாத ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது.
சண்டை செய்தது வேறு: குளிசையை நிற்பாட்டியது.
பங்கருக்குள் வந்தபோது
செத்துப்போனேன் என்று போர்வையால் மூடிவிட்டார்கள்.
நானே விலக்கிக்கொண்டு எழும்பினேன்.
அதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

"மற்றவர்கள் உங்களைத் தவிர்க்கிறார்களா?"

காமென்ற்ஸில் மெசினை விட்டு எழுப்பி
நூல் வெட்ட விட்டார்கள். உன்ர நன்மைக்குத்தான் என்றார்கள்.
சம்பளம் குறைந்தது. நான்கு என்று போடு பிள்ளை.
இல்லை, பொறு.

போன கிளினிக் முடிந்து திரும்பும்போது
மாங்குளம் சந்தியில் விழுந்தேன்.
எழும்பினால் வாயில் கிரவல், பாவாடை நனைந்திருக்கிறது,
சுற்றிவரச் செருப்புகள்.
கையில் ஒரு திறப்பு.
ஆருடையதோ மோட்டார்சைக்கிள் திறப்பு,
பிளாஸ்டிக் மாம்பழம் ஒன்று தொங்குகிறது.
இரும்பு பிடித்தால் நிற்குமாம். நிற்காது.
சனம் கலைந்து போனது. ஒரு ஆள் மட்டும் போகவில்லை.
பத்தடி தள்ளி நின்று
மணிக்கூட்டைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாய்
அரை மணித்தியாலம்.
பிறகுதான், சரியான வெட்கத்தோடு,
"தங்கச்சி... அந்தத் திறப்பு..."
விரல்களை விரித்தேன். உள்ளங்கையில் திறப்பின் பல்.
பஸ் மல்லாவி போய்ச் சேருமட்டும் அந்த அடையாளம் மறையவில்லை.

அதற்கு என்ன இலக்கம்?
ஆரணி பேனையைக் கடித்தாள். மூன்று, என்றாள் அவளே.

பத்தொன்பதாவதைக் குரல் தாழ்த்தி வாசித்தாள்.
"வாழ்வதில் பயனில்லை என்று எண்ணியதுண்டா?"
இத்தனை வருசக் கொப்பியில் இதை ஒருவரும் கேட்டதில்லை.
ஓம், என்றேன்.
அவள் இலக்கம் கேட்கவில்லை. தாளைக் கவிழ்த்து வைத்தாள்.
எப்ப அக்கா, என்றாள்.
சொல்லத் தொடங்கினேன். மாரி காலம், இரவில்,
எல்லாரும் படுத்தாப் பிறகு...

அப்போதுதான் அந்த மணம்.
அடிப்பிடித்த பால். எனக்கு மட்டும் வரும் மணம்.

கூரை. விசிறி. வாங்கின் கால்.
கையில் என்னவோ இருக்கிறது.
இரும்பில்லை. வேர்த்துப்போன விரல்கள்.
என்னைவிட அவளுக்குத்தான் நடுக்கம்.
"அக்கா, இருக்கிறீங்களா?"

முப்பத்தொன்றிலும் இல்லாத கேள்வி.
நாக்கு இன்னும் திரும்பவில்லை.
அந்த விரல்களை ஒருக்கா அழுத்தினேன்.
ஒன்றோ ஐந்தோ,
அவளே போடட்டும்.