ஒன்பதாம் வகுப்பில் முள்ளெலி

தார்த்தூவில் பிப்ரவரி.
எமயோகி ஆறு உறைந்து கிடக்கிறது,
அதன்மேல் யாரோ நாயோடு நடந்துபோன தடம்.
சமையலறையில் திரீனு கடிதத்தை
மூன்றாம் முறை படிக்கிறாள்.
வெட்டிவைத்த கம்பு ரொட்டி ஓரம் காய்கிறது.

‘சீல்’ என்ற பெயரைத் தாங்கள் பயன்படுத்துவது
எங்கள் வணிகக் குறியை மீறுவதாகும்.
பதினான்கு நாட்களுக்குள்.

அவள் மொழியில் சீல் என்றால் முள்ளெலி.
தமிழில் அது பூட்டிய கதவுக்கு வைப்பது.
இதை அவளிடம் சொல்ல யாருமில்லை.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் எழுதிய சின்ன நிரல்.
சேர்ந்திசைக் குழு பாடப் பாட
திரையில் இசைத்தாளைத் தானே புரட்டும்.
செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்கு, இருபத்தாறு பேருக்கு.
அந்தப் பள்ளிக்கூட மண்டபத்தில் ஹீட்டர் ஓடாது,
கையுறையோடு தாள் புரட்ட முடியாது,
அவ்வளவுதான் காரணம்.

உரிமம் ஒரே பத்தி:
எடுத்துக்கொள், நகலெடு, மாற்று, விற்றுக்கொள்.
என் பெயர் இருக்கும் இந்த வரியை மட்டும் அழிக்காதே.
எழுதிவிட்டுத் தேநீர் போடப் போனாள்.
முள்ளெலிக்கும் ஒரு பெயர் இருப்பது
நினைவுக்கே வரவில்லை.

எடுத்தார்கள். மாற்றினார்கள்.
ஐகானில் அதன் கண்ணைப் பெரிதாக்கி
முள்ளை மழித்து
தங்கள் கடையில் உட்காரவைத்தார்கள்,
மாதம் நான்கு யூரோ தொண்ணூற்றொன்பது சென்ட்.
உரிமத்தில் ஒரு சொல்லையும் மீறவில்லை.
அதுதான் அவளைத் தூங்கவிடாதது.

தாலினிலிருந்து வழக்கறிஞர் இருமிக்கொண்டே பேசுகிறார்:
“நிரலைக் கொடுத்தீர்கள். பெயரைக் கொடுக்கவில்லை, சரி.
வைத்துக்கொள்ளவும் இல்லையே.”
எண்ணூற்றைம்பது யூரோ கட்டி
ஒன்பதாம் வகுப்பில் சேர்த்திருக்க வேண்டுமாம் முள்ளெலியை.
மென்பொருள்களெல்லாம் அங்கேதான் உட்காருமாம்.
“வழக்குப் போடலாம். ஜெயிக்கக்கூடச் செய்யலாம்.
உங்களிடம் எத்தனை வருடம் இருக்கிறது?”

தானமாக வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதென்பார்கள்.
ஓட்டிப்போனவர்கள் மாட்டைப் பார்க்கவில்லைதான்.
கொடுத்தவளை வாயைத் திறக்கச் சொல்கிறார்கள்.

ஆயிரத்து எழுநூற்று நாற்பது இடங்களில் அந்தப் பெயர்.
தேடு, மாற்று. தேடு, மாற்று.
வால்பரைசோவில் ஒருவர்,
ஆண்டு தவறாமல் பிழைதிருத்தம் அனுப்புகிறவர்,
நரி என்று வையுங்கள் என்கிறார்.
இன்னொருவர் சொன்னதை அச்சிட முடியாது.
நள்ளிரவு தாண்டி ‘ஓகஸ்’ என்று தட்டுகிறாள்.
முள்.

பிறகு, ஏனென்று தெரியாமல்,
நான்கு யூரோ தொண்ணூற்றொன்பதைக் கட்டி
அவர்களுடையதை இறக்குகிறாள்.
அமைப்புகள், உதவி, சட்டம்,
விரல் வலிக்க உருட்டினால்
சாம்பல் நிறத்தில், எறும்பளவில், அவள் பெயர்.
சொன்ன சொல் தவறாதவர்கள்.

ஒரு பாட்டை ஓடவிடுகிறாள்.
பேஸ் குரல் நுழையும் இடத்தில்
பக்கம் புரளாமல் அரை நொடி நிற்கிறது.

இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி.
இங்கே பொறு, அஹ்தோ எப்போதும் தாமதம்
என்று அவள் குறிப்பு எழுதியிருந்த வரி.
அவர்களுடைய பொறியாளர்கள் யாரும்
அதைத் தொடத் துணியவில்லை.

லீமாவில், ஒசாகாவில், காசு கட்டிய தேவாலயங்களில்
நான்காம் எண் பேருந்து ஓட்டும் அஹ்தோவுக்காக
அரை நொடி காத்திருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை அவனிடம் சொல்ல வேண்டும்.
தாமதமாகத்தான் வருவான்.