பட்டாணி அளவு

வெள்ளிப் பட்டறையில் தனியாகக் கண்ணாடி வேண்டியதில்லை.
செவ்வாய்ப்பேட்டைச் சந்துக்குள்
பாலிஷ் முடிந்து வருகிற ஒவ்வொரு தகட்டிலும்
என் தாடை வளைந்து நீண்டு தெரிகிறது,
போன வாரம் இல்லாத முத்துகளோடு.

கொலுசுக்கு முத்து எண்ணுவது என் வேலை.
எண்ணிவிட்டேன்:
இடது கன்னத்தில் ஏழு, தாடையோரம் நான்கு.
நெற்றியை எண்ணவில்லை.

"மாம்பழம் தின்னுருப்ப, சூடு" என்றாள்
ஊதுகுழலை வாயிலிருந்து எடுக்காமலே செண்பகவல்லி.
மே மாதச் சேலத்தில் யாரிடமும் அதைச் சொல்லலாம்,
தப்பாகாது.
எலுமிச்சை தேய் என்றாள் ஒருத்தி.
பற்பசை வை என்றாள் இன்னொருத்தி.
எடை போடுகிறவர், கேட்காமலே,
வேப்பங்கொழுந்து.
எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

வீட்டில் பழைய சோப்பு டப்பாவுக்குள்
இரண்டு கோடு ஒளித்து வைத்திருப்பது
பரிதிக்கு மட்டும்தான் தெரியும்,
ஓசூரில் நைட் ஷிப்டில் இருக்கும் பரிதிக்கு.
போன வருஷம் எல்லோரிடமும் சொன்னோம்.
பிறகு அதே எல்லோரிடமும்
இன்னொரு முறை சொல்ல வேண்டி வந்தது.
ஆகவே இம்முறை வாய் திறப்பதில்லை.
முகம்தான் திறந்துகொண்டது.

ஐந்து ரோடு மருந்துக்கடை. மாலை ஏழு மணி.
எனக்கு முன்னால் ஒருவர்
சர்க்கரை மாத்திரைக்குச் சில்லறை தேடுகிறார்.
பின்னால் ஒரு பையன் இருமுகிறான்.
தீபாவளிக்கு வாங்கின அதே டியூபின் பெயரைச் சொன்னேன்.
அலமாரிவரை போன கை நின்றது.
பெலிக்ஸ் (சட்டையில் பெயர் குத்தியிருந்தது) திரும்பி,
"மாசமா இருக்கீங்களாக்கா?"
என்று கேட்டான்,
பை வேணுமா என்று கேட்கிற அதே குரலில்.

சில்லறைக்காரர் தேடுவதை நிறுத்தினார்.
இருமல்கூட நின்றது.

ஆமாம் என்றேன்.
அம்மாவிடம் சொல்லாததை, மாமியாரிடம் சொல்லாததை
ஐந்து ரோட்டில் ஒரு வரிசையிடம் சொன்னேன்.
"அப்ப இது வேண்டாங்க. பருவுக்குன்னு
யாரு மாத்திரை குடுத்தாலும் போட்டுறாதீங்க.
டாக்டர பாத்துட்டு வாங்க."
சில்லறைக்காரர் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்,
அந்த ஒரு சொல்லுக்குள் நான் பெருத்துவிட்டதுபோல.

தூக்கம் வரவில்லை.
கோடு தெரிவதற்கு முன்னால்
அதே டியூபைப் பதினெட்டு இரவு தடவியிருக்கிறேன்.
பதினெட்டையும் எண்ணினேன்,
முத்து எண்ணுகிற இதே விரல்களில்.
திரும்ப எண்ணினேன். பதினெட்டுதான்.

டாக்டர் நூர்ஜஹான் குறுக்கே பேசாமல் கேட்டார்.
"தோல் மேல தடவுனதுல உள்ள போறது ரொம்பக் கொஞ்சம்.
நிறுத்திட்டீங்க, சரி. இனிமே எண்ணாதீங்க."
எலுமிச்சைக்குச் சிரித்தார்.
பற்பசைக்குச் சிரிக்கவில்லை.
போன வருஷத்தைப் பற்றி, கேட்கும் முன்பே,
"அதுக்கும் க்ரீமுக்கும் சம்பந்தமில்ல" என்றார்.
பிறகு வேறொரு பெயர் எழுதினார், அசெலாயிக் ஏதோ.
"ராத்திரி ஒரு பட்டாணி அளவு.
முகம் முழுசுக்கும் அவ்ளோதான். கிள்ளக் கூடாது."

ஸ்கேன் அறையில்
திரை முழுக்கச் சாம்பல் தூறல்.
அதற்குள் ஒன்று விட்டுவிட்டு மினுக்கியது.
எவ்வளவு பெரிசு என்று கேட்டேன்.
"பட்டாணி இருக்கும்மா" என்றாள் அந்தப் பெண்,
அடுத்தவளின் ஃபைலைத் தேடிக்கொண்டே.

பரு போய்விடவில்லை.
ஒன்று காய்கிறது, இரண்டு முளைக்கிறது.
தினம் இரவு விரல்நுனியில்
அந்த வெள்ளைப் பொட்டைப் பிதுக்கி
கொஞ்ச நேரம் சும்மா பார்க்கிறேன்.
பிறகுதான் தடவுகிறேன்.

"இன்னுமா மாம்பழத்த விடல?" என்றாள் செண்பகவல்லி.
"விடல. இன்னும் ஏழு மாசத்துக்கு இப்படித்தான்."
மல்கோவா இன்னும் மூன்று வாரம்கூட வராது,
அது அவளுக்குத் தெரியும்.

ஊதுகுழலை மெதுவாகக் கீழே வைத்தாள்.