செக்குபந்தி

கண்டனூர் வீட்டு வளவுக்குப் பதினொரு பங்கு,
பதினொரு பூட்டு.
ஐப்பசி மழையில் இரண்டாங்கட்டு சரிந்தபோது
உமையாள் ஆச்சியின் பங்குதான் கீழே வந்தது.
நிலை நின்றது. சாவியும் இருக்கிறது.
கதவைத் திறந்தால் வானம்.

தேவகோட்டைப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே
என் அறையில் இன்று பங்காளிகள் கூடினார்கள்.
ஈப்போவிலிருந்து ஒருவர் கைப்பேசியில்,
சேலத்திலிருந்து இருவர் காரில்.
பேச்சுக்குக் குறைவில்லை.
"ஆச்சிக்கு நாங்க இல்லாம யாரு?"
"எங்க ரத்தமுல்ல."
காபி இரண்டு சுற்று வந்தது.

முகப்பை ஒட்டிய அறை காலிதானே,
அதுவரை அதில் படுக்கட்டுமே என்றேன்.
பத்திரம் எழுதுகிறவன் இதைச் சொல்லக் கூடாது.
மூத்தவர் கண்ணாடியைத் துடைத்தார்.
"குடுக்கலாம். ஆனா இங்க உக்காந்துட்டா
அங்க அவ பாத்தியதை விட்டுப்போகும்.
அவ நல்லதுக்குத்தான் சொல்றோம்."

இந்த வாக்கியத்தை நான் முன்பே படித்திருக்கிறேன்,
தூதரகத் தாளில், முத்திரையோடு.

குவைத், எண்பத்தெட்டு.
பைப்பு கம்பெனி ஸ்டோரில் கணக்கர் அபூ ஸுஹைர்.
காஸாக்காரர் என்போம்.
காஸா அவர் ஊர் அல்ல, ஓடிவந்து நின்ற இடம்.
கையில் எகிப்து கொடுத்த பயணத்தாள்;
எகிப்துக்குள் நுழைய அது போதாது.
மாதம் ஒரு மனு, நான்தான் தட்டச்சு:
மகன் படிக்க, மனைவியின் கண்ணுக்கு,
இன்னும் ஒரு வருஷம் இருக்க.
பதில்கள் எல்லாம் "சகோதரரே" என்று தொடங்கும்.
அதற்கு மேல் அவர் படிப்பதில்லை.
மடித்துச் சிகரெட் சாம்பலைத் தட்டுவார்.

தொண்ணூறில் ராணுவம் நுழைந்தது.
பாலைவனம் தாண்டி அம்மான் பக்கம் கூடாரத்தில்
பதினெட்டு நாள் கிடந்தேன்.
ஒரு ஜோர்டான்காரி தினமும் ரொட்டி கொண்டுவந்தாள்,
யாரிடமும் தாள் கேட்கவில்லை.
இதையும் எழுதியாக வேண்டும்.
பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள்.
எனக்கு விமானம் இருந்தது.

அபூ ஸுஹைர் அங்கேயே நின்றார்.
தலைவர்கள் எங்கோ யாரையோ கட்டிப்பிடித்ததற்கு
மறு வருஷம் இவர்களிடம் கணக்குத் தீர்த்தார்கள் என்று
ஸ்டோரில் இருந்த மலையாளி எழுதியிருந்தான்.
எங்கே போனார் என்று கடிதத்தில் இல்லை.

ஒருநாள் மதியம் கேட்டிருந்தார்,
உங்கள் ஊரில் நிலத்தை எப்படி எழுதுவீர்கள்?
நாலு பக்கமும் யார் என்று எழுதிவிட்டால்
நடுவில் இருப்பது நம்முடையது என்றேன்.
சிரித்தார். எழுது என்றார்.
இன்வாய்ஸின் பின்பக்கம் தமிழில் எழுதி
வாசித்து அர்த்தம் சொன்னேன்:

வடக்கே சகோதரர்.
கிழக்கே சகோதரர்.
தெற்கே சகோதரர்.
மேற்கே கடல்.
இதற்குட்பட்ட

அங்கே கையைப் பிடித்துக்கொண்டார்.

பங்காளிகள் கிளம்பியாகிவிட்டது.
தையில் மறுபடி கூடுவதாக முடிவு.
உமையாள் ஆச்சி போகவில்லை.
"பத்திரத்துல எம்பேரு எத்தனையாவது?"
ஏழாவது என்றேன்.
தலையாட்டினாள்.
வெளியே மழை பிடித்துக்கொண்டது.

என் வீட்டு மாடியில் ஓர் அறை இருக்கிறது.
வாடகைக்கு விட வெள்ளையடித்து வைத்திருக்கிறேன்.
அதைப் பற்றி இதுவரை
நான் வாய் திறக்கவில்லை.