ஒரு மீட்டர்

லாங்கென்தால் ரயில் பாலத்துக்குக் கீழே, கிழக்குச் சரிவு.
வேலைத்தாளில் ஒரே வரி: முழுவதும் வெட்டவும்.
இயந்திரம் நின்றது
எண்ணெய் தீர்ந்ததால்தான். வேறு காரணமில்லை.

காய்ந்த புல்தண்டில், நுனிக்குச் சற்றுக் கீழே
வைக்கோல் நிறத்தில் ஏதோ.
நெல்லா என்று பார்த்தேன். நெல்லைப்போல மூன்று மடங்கு.
தொட்டால் வார்னிஷ் பூசிய காகிதமாய் முறுமுறுத்தது.
அடியில் மஞ்சள் பூத்த செடி,
அதன் காய்கள் விரித்த கோழிக்கால்.
ஒன்றைக் கண்ட கண்ணுக்கு
அப்புறம் ஐந்து.

தண்டோடு அரிந்தேன்.
வெள்ளரி ஊறுகாய்ப் போத்தல்,
மூன்று தரம் கழுவியும் வினாகிரி நெடி,
வாயில் யோகமலரின் கிழிந்த காலுறை, ஒரு ரப்பர் வளையம்.
"சாப்பாட்டு மேசையிலயோ?" என்றாள்.
பால்கனி மூலைக்குப் போனது.

எதன் கூடு?
நூலகப் புத்தகத்தில் மூன்று படங்கள் ஒத்துப்போயின,
மூன்றுக்கும் வேறு வேறு பெயர்.
ஒன்று உயரத்தில் கட்டுமாம், ஒன்று தரையோடு.
கூட்டை அளந்தேன், இரண்டரை சென்ரிமீட்டர்.
நின்ற உயரத்தை
அளக்காமல் அரிந்துவிட்டேன்.

பதினோராம் நாள்
முதல் கூட்டின் முனை பிளந்து
கரிய உறை பாதி வெளியே நின்றது,
அவசரத்தில் வாசலிலேயே கழற்றிப்போட்ட சட்டை.
பக்கத்தில் பூச்சி. கருநீலம். இறகில் சிவப்புப் பொட்டுகள்.
ஆறு.
ஐந்தோ என்று மறுபடி எண்ணினேன். ஆறுதான்.
பென்சிலால் ஒரு பெயரை அடித்தேன்.

மறுநாள் இரண்டு.
நான்காவதிலிருந்து வந்தது குளவி.
நூல் இடுப்பு, ஓயாமல் நடுங்கும் கொம்பு.
கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று
பேச்சுப்போட்டியில் முழங்கியவன் நான்.
தலைப்பு விடாமுயற்சி. பரிசு ஒரு பேனா.
போத்தலை வெளிச்சத்தில் பிடித்தேன்.
புழு குளவியாகவில்லை.
புழு இருந்த இடத்தில் குளவி இருக்கிறது.

யோகமலர் காலுறையைத் தளர்த்தினாள்.
"அதுவும் இங்கதானே பிறந்தது, விடுங்கோ."

ஐந்தாவது திறக்கவேயில்லை.
காதருகே குலுக்கினால் உள்ளே
மிளகு மாதிரி ஏதோ உருள்கிறது.
எறியவில்லை இன்னும்.

ஓகஸ்டில் அதே சரிவு, அதே தாள்.
வேலியோரம் ஒரு மீட்டர் அகலம் வெட்டாமல் நின்றது.
வியூத்ரிச் வந்தார், காலடியால் அளந்தார்.
"என்ன இது?"
"கல் கிடக்கிறது, அலகு போய்விடும்."
கல்லைக் காட்டச் சொல்லவில்லை அவர்.

அடுத்த முறை சொல்லக்கூடும்.
ஒரு கல் பார்த்து வைத்திருக்கிறேன்,
ஆற்றோரம், இரண்டு கைக்கும் கனமாக.